ஒரு பனியனின் கணக்கு

தில்லிக்கு வந்த தமிழ் மாணவர் எவரும் முதலில் எழுதுவது குளிரைப் பற்றித்தான். நான் அந்தக் குளிருக்காக அணியும் பனியனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கருநீல முழுக்கைப் பனியன், திருப்பூர்ச் சரக்கு, ஊரிலிருந்து புறப்பட்டபோது அம்மா பெட்டியில் வைத்தது.

சென்ற பருவத்தில் எங்கள் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். கையருகே உள்ள ஒரு பொருள், பிறந்தது முதல் குப்பையாகும் வரை மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன செய்கிறது என்று கணக்கிட வேண்டும். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்பது இதன் பெயர். 1997-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் அனைத்துலகத் தரம் இதற்கு நான்கு படிகள் வகுத்தது: நோக்கத்தையும் எல்லையையும் வரையறுத்தல், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பட்டியலிடுதல், விளைவை மதிப்பிடுதல், முடிவை விளக்குதல். இவற்றுள் முதற்படியில் தவறினால் மற்ற மூன்றும் வீண் என்பதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

பனியனையே எடுத்துக்கொண்டேன். சாயமிடுதலை மட்டும் கணக்கிடுவதென்று, சாயப்பட்டறையின் மதிலைச் சுற்றிக் கோடு வரைந்தேன். உள்ளே துணி, நீர், சாயம், உப்பு, விறகு; வெளியே சாயத்துணி, கழிவுநீர். பேராசிரியர் தாளைப் பார்த்தார். "கழிவுநீர் எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என்னைவிட யார் அதை அறிவார்? அது நொய்யலில் போயிற்று. 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. ஆற்றோரம் இருந்த எங்கள் அம்மாயி தோட்டத்துக் கிணற்றில் ஊறிற்று. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்ந்தால் உப்பும் மிகும். ஆனால் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, நீரோடு வெளியேறிவிடும். அம்மாயியின் தென்னைகள் குரும்பை உதிர்த்துப் பட்டுப்போயின.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி! கிணற்றைக் கெடுத்த தொழில்தான் எங்கள் வீட்டு உலையில் அரிசியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைக்கு வேலை போச்சேன்னு அழறதா, கெணறு பொழைக்கும்னு சிரிக்கறதா, கண்ணு?" என்றாள் அம்மாயி.

கழிவுநீரை வெளியே விடாத முறை பின்னர் வேரூன்றியது. சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரிக்கிறார்கள். எஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். நல்ல முன்னேற்றமே. ஆயினும் கோட்டை இன்னும் சற்று அகலமாக வரைந்து பார்த்தேன். அழுத்துவதற்கு மின்சாரம் வேண்டும்; காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும்; பிரிக்க முடியாத கலப்பு உப்பு கிடங்கில் தேங்கும். ஆற்றின் சுமையில் ஒரு பகுதி காற்றின் தோளுக்கு மாறியிருக்கிறது.

தலைநகர் மட்டும் விலக்கா? 2018 அக்டோபரில் பதர்ப்பூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. தில்லியின் காற்றுக்கு அது நன்மை. ஆனால் விடுதியில் நாம் வெந்நீர் போடுவதை நிறுத்தினோமா? நமக்காக நிலக்கரி வேறோர் ஊரில் எரிகிறது. அங்கும் ஓர் அம்மாயி இருப்பாள் அல்லவா?

கணக்கைத் திருத்தி எழுதினேன். பனியனை வெறுக்கச் சொல்லவில்லை அது. அப்பாவின் கூலியும் வேண்டும், அம்மாயியின் கிணறும் வேண்டும் என்றால், நீரைத் தூய்மையாக்கும் செலவைப் பனியனின் விலை சுமக்க வேண்டும், கிணறு சுமக்கலாகாது. வாங்கியதை நெடுநாள் உடுத்தினால், ஒரு நாள் உடுப்பின் தீங்கும் குறையும். என் கருநீலப் பனியனுக்கு இது மூன்றாவது குளிர்காலம்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பொறியாளராவோம், சிலர் அதிகாரிகளாவோம். எல்லைக்கோடு வரையும் பென்சில் நம் கைக்கு வரும். வரையுமுன், கோட்டுக்கு வெளியே யாருடைய கிணறு நிற்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்ப்போமாக!