பிரவுணிக்கு நீந்தத் தெரியும், ஏறத்தான் தெரியாது

நாய்க்கு யாரும் நீச்சல் பழக்கத் தேவையில்லை, அது பிறவியிலேயே நீந்தும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலான நாய்கள் காலடித்து மிதக்கும். ஆனால் பூலில் மூழ்கும் நாய்களில் நன்றாக நீந்தக்கூடியவையும் உண்டு. வெளியே வரும் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிக் களைத்துத்தான் அவை மூழ்குகின்றன.

(தமிழ்ப் பள்ளியில் 'நீச்சல் தடாகம்' என்று எழுதச் சொன்னார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கேயும் பூல்தான்.)

பெரியம்மாவின் வீடு சிட்னியின் மேற்குப் பக்கம். கோடை விடுமுறையில் நாங்கள் எல்லோரும் அங்கேதான். அந்தப் பக்கத்து வெயில் சும்மா வெயில் இல்லை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. அப்படியான நாட்களில் ஆளும் நாயும் ஒன்றாகத் தண்ணீரைத் தேடும்.

ஒரு பின்னேரம் குளித்து முடித்து, துவாயோடு கரையில் நின்றோம். பெரியம்மாவின் நாய் பிரவுணி ஒரு பந்துக்குப் பின்னால் ஆழமான பக்கத்தில் பாய்ந்தது. பந்தைக் கவ்வியது. பிறகு பாய்ந்த இடத்துக்கே திரும்பி வந்து, விளிம்பில் முன்னங்கால்களைப் போட்டுப் பிறாண்டியது. வழுக்கியது. ஒரு சுற்று நீந்தி மறுபடியும் அதே இடம். படிகள் இருந்தது மற்றப் பக்கத்தில். பார்க்க விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. தம்பி சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தான். கதிரையில் இருந்த அம்மம்மாதான் எழும்பி நின்று, "டேய், அது விளையாடேல்ல, வழி தேடுது. தூக்குங்கோ!" என்றா. அண்ணா பாய்ந்து தூக்கினார். அப்போதும் அது பந்தை விடவில்லை.

"ஊரில கட்டில்லாத கிணத்துக்குள்ள விழுந்த நாயும் இப்பிடித்தான் சுத்தும்" என்று பிறகு அம்மம்மா சொன்னா. கடகத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுப்பார்களாம். "அப்ப அது குரைக்காதா?" என்று கேட்டேன். "நீந்திற நாய் எப்பிடிப் பிள்ளை குரைக்கும்? மூச்சு வேணுமெல்லே."

இந்த ஒரு வசனம் எனக்கு மறக்கவே இல்லை. சத்தம் கேட்டால் ஓடிப் போகலாம் என்று வீட்டுக்குள் இருக்க முடியாது. சத்தம் வராது.

அடுத்த நாளே பிரவுணிக்கு வகுப்பு தொடங்கினோம். நீச்சல் வகுப்பு இல்லை, வெளியே வரும் வகுப்பு. மார்புப் பட்டியில் கயிறு கொளுவி, முதலில் படியிலேயே நிற்க வைத்து, ஏறி வந்ததும் ஒரு துண்டு கோழி. பிறகு படியிலிருந்து ஒரு கை தூரம். பிறகு பூலின் நடு. பிறகு ஒவ்வொரு பக்கமாக, கடைசியில் அது அன்றைக்குப் பாய்ந்த அதே மூலை. எங்கிருந்து விட்டாலும் திரும்பிப் படியைத் தேட வேண்டும் என்பதுதான் பாடம். தண்ணீரில் தலை மட்டும் வெளியே இருக்கும் நாய்க்கு நான்கு கரையும் ஒரே மாதிரித் தெரியும். அதனால் படிக்குப் பக்கத்தில் உயரமான ஒரு செடித் தொட்டியை வைத்தோம். அதை யாரும் நகர்த்தக்கூடாது, பெரியப்பா முற்றம் கழுவினாலும்கூட. ஒவ்வொரு டிசம்பரும் பாடம் முதலிலிருந்து. குளிர்காலத்தில் எல்லாம் மறந்துவிடும்.

உங்கள் பூலில் படி இல்லாமல் ஏணி மட்டும் இருந்தால், நாய்க்கு அது இல்லாதது மாதிரித்தான். நாய்க்கென்று சரிவுப் பலகை விற்கிறார்கள், வாங்குங்கள். பக், பிரெஞ்சு புல்டோக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களும், கட்டைக் கால் டாக்ஸ்ஹூண்டும் மிதக்கவே கஷ்டப்படும். அவற்றுக்கு முதுகில் கைபிடி உள்ள லைஃப் ஜாக்கெட் போடாமல் தண்ணீர் காட்ட வேண்டாம்.

வேலி இருக்கிறதே என்பீர்கள். நியூ சவுத் வேல்ஸில் பூல் சட்டம் 1992இல் வந்தது. வேலி 1.2 மீற்றர் உயரம் வேண்டும், கம்பிகளின் இடைவெளி 10 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, கேற் தானாகவே சாத்திக் கொளுவ வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நினைத்து எழுதியது. 10 சென்ரிமீற்றருக்குள்ளால் சிவாவா குட்டி சுகமாகப் போய்விடும். கீழே வலை அடிப்பதானால் கவுன்சிலிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். பிள்ளைகள் கால் வைத்து ஏறக்கூடிய எதையும் வேலியில் பொருத்தக்கூடாது.

அடுத்தது எஸ்கி. பார்பிகியூ நாளில், சாப்பாடு கொண்டு போக வசதி என்று கேற்றுக்கு எஸ்கியை முட்டுக் கொடுக்கும் ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அது சட்டப்படியே குற்றம். மாமாவுக்கு நீங்கள் சொல்லலாம், வயதுக்கு மரியாதை வேறு, இது வேறு.

பூலை மூடும் நீலக் குமிழ் விரிப்பு வேலிக்கு ஈடாகாது. நாய் அதைத் தரை என்று நினைத்துக் கால் வைக்கும். விரிப்பு அமிழ்ந்து மேலே மூடிக்கொண்டால், அடியில் போன நாயை வெளியே நிற்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

பந்தெறிந்து விளையாடும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரைக்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு கவ்வலிலும் தண்ணீர் உள்ளே போகிறது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் உப்பு குறைந்து, நாய் தள்ளாடும், சத்தி எடுக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்க வேறு சட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள்.

பிரவுணிக்கு இப்போது 11 வயது. கண்ணில் வெண்மை படர்ந்துவிட்டது, செடித் தொட்டி சரியாகத் தெரிவதில்லை. அதனால் வேலிக்குள் வந்தாலே லைஃப் ஜாக்கெட். போடும்போது உறுமும், பிறகு ராஜா மாதிரி நடக்கும்.

மூழ்கப் போன நாய், தூக்கியதும் உதறிவிட்டு வாலாட்டினாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் இருமலும் வேகமான மூச்சும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். பெரியம்மாவின் ஃபிரிட்ஜில், இரவிலும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறோம், பீட்சாக் கடை நம்பருக்கு மேலே.