உஹுராவின் 37 மொழிகள்

ஸ்பாக் பல் தெரியச் சிரித்திருக்கிறார். ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் 1964-ல் படமாக்கப்பட்ட முன்னோட்டப் படத்தில், உணர்ச்சியே காட்டாத அந்தக் கூர்க்காது விஞ்ஞானி, வேற்றுக் கிரகத்தில் ஓசையெழுப்பும் இலையொன்றைத் தொட்டுவிட்டுச் சிறுவனைப்போல் பூரிக்கிறார். பாத்திரம் அப்போது முழுதாக வார்க்கப்படவில்லை, அவ்வளவுதான். என்பிசி தொலைக்காட்சி அந்தப் படத்தை நிராகரித்தது. 1966-ல் தொடர் வந்தபோது கேப்டன் பைக் போய் கேப்டன் கிர்க் வந்திருந்தார். ஸ்பாக்கின் சிரிப்பையும் காணோம்.

2022-ல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ கழித்துக் கட்டிய அந்தக் கதையைத் தூசி தட்டி எடுத்தது. கிர்க்கிற்கு முந்தைய காலம், அதே என்டர்பிரைஸ் விண்கலம். ஈதன் பெக்கின் இளம் ஸ்பாக் இன்னும் தன்னை அடக்கக் கற்றுக்கொண்டிருப்பவர். பழைய தடுமாற்றம் இளமையின் இயல்பாகிவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான்.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்று கேட்பவர்கள் உண்டு. கர்ணன் சாவான் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம்? பைக் கதிர்வீச்சில் சிதைந்து, ஆமாம், இல்லை என்பதை விளக்கொளியால் மட்டுமே சொல்லும் நாற்காலி மனிதராவார் என்று 1966-லேயே காட்டியாயிற்று. புதிய தொடரில் அது அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டே சக அதிகாரிகளுக்குச் சமைத்துப் போடுகிறார். அன்சன் மவுண்ட் அதை அலட்டாமல் செய்கிறார். இளம் கிர்க்தான் ஒட்டவில்லை. வில்லியம் ஷாட்னர் அந்தப் பாத்திரத்தில் யாருக்கும் இடம் மிச்சம் வைக்கவில்லை.

மிச்சம் இருந்த இடமெல்லாம் உஹுராவிடம். விடுதலை என்று பொருள்படும் ‘உஹுரு’ என்ற சுவாஹிலிச் சொல்லிலிருந்து வந்த பெயர். காதில் கருவியைச் செருகிக்கொண்டு, தொடர்பு கிடைத்துவிட்டது என்று கேப்டனிடம் சொல்வதே அவருக்குப் பெரும்பாலும் வேலை. நிஷெல் நிக்கல்ஸ் முதல் பருவத்தோடு விலக நினைத்ததையும், மார்ட்டின் லூதர் கிங் தடுத்ததையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பெண் ஒருத்தி கப்பலின் மேல்தளத்தில் அதிகாரியாக உட்கார்ந்திருப்பதே அன்று பெரிய செய்தி. அதற்காக வசனம் கூடிவிடவில்லை. நியோட்டா என்ற முதற்பெயரே 2009 திரைப்படத்தில்தான் திரையில் ஒலித்தது.

மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. 1967-லேயே எந்த மொழியையும் பெயர்க்கும் கருவியைக் கிர்க் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் உஹுரா எதற்கு? மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் வந்தபின் எங்களைப் பார்த்துக் கேட்கப்படும் அதே கேள்வி. 1991-ல் வந்த ஆறாவது திரைப்படம் இன்னும் மோசம். கிளிங்கான் காவல் நிலையம் கூப்பிட்டதும் உஹுராவும் சகாக்களும் தடித்த அகராதிகளைப் புரட்டித் தப்பும் தவறுமாகப் பதில் சொல்கிறார்கள். திரையரங்கைச் சிரிக்க வைக்க, ஒரு தகவல் தொடர்பு அதிகாரியின் வித்தையைப் பலி கொடுத்தார்கள்.

செலியா ரோஸ் குடிங் நடிக்கும் இளம் உஹுராவுக்கு 37 மொழிகள் தெரியும். பெற்றோரையும் அண்ணனையும் விபத்தில் பறிகொடுத்தவள். விண்படை தனக்கானதுதானா என்ற நிச்சயமில்லாமல் வந்திருக்கும் பயிற்சி மாணவி. இரண்டாவது பாகத்தில் ஒரு வால்நட்சத்திரத்துக்குள் போய் நிற்கிறாள். எதிரே புரியாத குறிகள். பதற்றத்தில் ஏதோ மெட்டை முணுமுணுக்க, அந்த இடம் பதிலுக்கு ஒலிக்கிறது. ஓசையைக் கவனித்து, திருப்பிப் பாடி, மெல்ல மெல்ல அர்த்தத்துக்கு வருகிறாள். அகராதி இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்வது இதைத்தான். பழைய தொடரில் ஓய்வறையில் ஸ்பாக்கின் யாழுக்குப் பாடிய பெண்தானே? அன்று பொழுதுபோக்காக வந்த பாட்டு இங்கே தொழிலாகிவிட்டது.

இந்தப் பாகம் வெளியானது 2022 மே மாதம். ஜூலை 30-ல், 89 வயதில், நிக்கல்ஸ் காலமானார்.

இளமையில் 37 மொழி தெரிந்தவள் நடுவயதில் எப்படிக் கிளிங்கானுக்கு அகராதி தேடுவாள் என்று கணக்குப் பார்க்கும் ரசிகர்கள் மடக்கக்கூடும். நியாயமான கேள்வி. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும் என்றால், 1991 படத்தை மறந்துவிட நான் தயார்.