வல்வெட்டித்துறையில் ஒரு பழைய பாய்வள்ளம்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தது. அப்பெருமையை நினைந்துகொண்டே அக்கரைக்குச் சென்றோம். நாம் வாங்க எண்ணியதோ பதினெட்டடிப் பழைய பாய்வள்ளம். மனைவியின் காப்பை அடகுவைத்த பணம் மடியிற் கனத்தது.

புதுவர்ணம் பளபளத்தது. மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. பேனாக்கத்தியின் நுனியால் அடிமரத்தை இடத்துக்கிடம் குத்திப் பார்த்தார். பாய்மரம் ஊன்றும் இடத்தருகே அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

“தம்பி, மழைத்தண்ணீர் தேங்கி உளுத்துவிட்டது, உப்புத்தண்ணீர் இவ்வளவு கெடுக்காது” என்றார்.

ஆணிகளைச் சுற்றித் துருக்கறை. பாயை வெயிலுக்கு நேரே பிடித்தோம். சல்லடைபோல் ஒளி கசிந்தது. ஆயினும் அவ்வள்ளத்தின் அணியத்து வளைவில் என் மனம் சிக்கிக்கிடந்தது.

“அடிமரத்தை மாற்றினால் வருகிறோம்” என்று உரியவரிடம் கூறி மாமா நடந்தார். நான் இருமுறை திரும்பிப் பார்த்தேன்.