கேட் மூடும் நேரம்

கெட்சிகனில் கப்பலுக்குத் திரும்பவேண்டிய நேரம் பகல் 12.30. முந்தைய இரவு அறைக்கு வந்த தாளில் அதைப் பேனாவால் வட்டமிட்டு, கண்ணாடியில் செருகி வைத்தது நான்தான். அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு 11.50க்கே ஏறிவிட்டேன். என் கணவர் ஏறவேயில்லை.

சியாட்டலில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்று அலாஸ்காவைப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நின்று திரும்பும் ஏழு இரவுப் பயணம் அது. விக்டோரியா எதற்கு என்று அம்மா கேட்டாள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. நடுவே வேறு நாட்டு மண்ணைத் தொட்டாக வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக அம்மாவுக்குக் கனடா விசா எடுத்தேன். நான்கு பேருக்கும் ஆன்லைனில் பதிந்து, வரும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்கான அட்டைகளை அச்சடித்ததும் நானே. டிக்கெட் வாங்கியது அவர் என்பதால் பயணம் அவருடையது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கப்பல் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பாவது பயணிகள் பட்டியல் அமெரிக்க எல்லைக் காவல் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் முதல் நாள் துறைமுகத்தில் கதவை ஒரு மணி நேரத்துக்கும் முன்பே மூடிவிடுகிறார்கள். இடையில் நிற்கும் ஊர்களில் பெரும்பாலும் அரை மணி முன்பு. பைலட்டுக்கு நேரம் குறித்திருக்கும், அந்த இடத்தில் கட்ட அடுத்த கப்பல் வந்துகொண்டிருக்கும். கப்பல் நிறுவனத்தின் மூலமாகவே சுற்றிப் பார்க்கப் போனால் காத்திருப்பார்கள். தானாகப் போனவர் தன் பாடு. விதிகளை முழுக்கப் படித்தபோது இன்னொரு கெடுவும் கண்ணில் பட்டது: பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரத்துக்குள் நுழையும் கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். கடலில் குறைப்பிரசவம் ஆனால் பார்க்க வசதியில்லை என்ற காரணம் நியாயம்தான். ஆனாலும் நாள் எண்ணிக்கொண்டே வாழ்வது எங்கே போனாலும் நமக்குத்தான் வாய்க்கிறது.

எனக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஒரு இரும்புக் கேட். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதி. மாலை ஆறுக்கு மூடுவார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து வந்த பஸ், சாத்தூர் தாண்டி டயர் பஞ்சராகி நின்றது. நான் கேட்டுக்கு வந்தபோது மணி 6.12. வாட்ச்மேன் தாத்தா தன் ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டு, “உக்காரு தாயி, அம்மா கூப்பிடுவாக” என்றார். எட்டு மணிக்கு வார்டன் கூப்பிட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. “எங்க போயிருந்த?” என்று கேட்டார். பஸ் டிக்கெட்டைக் காட்டினேன். மறுநாள் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். திரும்பிப் போகும்போது அவரும், “பஸ்ஸுதான பஞ்சரு?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எங்கேயும் அரை மணி முன்னாடி போய் நிற்கிறவள். கல்யாணம், ஆஸ்பத்திரி, விமானம், மகளின் பள்ளிக்கூடம். இதைப் பொறுப்பு என்கிறார்கள். பயம் என்று எனக்குத் தெரியும்.

இவர் படித்த கல்லூரி விடுதிக்கும் கேட் இருந்தது. அது மூடி இவர் பார்த்ததில்லை. இரண்டாவது ஆட்டம் பார்த்து, புரோட்டா சாப்பிட்டு, விடியும்போது வருவார்களாம். எழும்பூரில் நகர்ந்துவிட்ட பாண்டியன் எக்ஸ்பிரஸை ஓடிப்போய்ப் பிடித்த கதையை விருந்துகளில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று காலை கெட்சிகனில் மழை. அங்கே பெரும்பாலும் மழைதான். ஓடைமேல் மரக்கால்கள் நட்டுக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் க்ரீக் தெருவில் மூவரும் மெதுவாக நடந்தோம். 1954 வரை அவை விபசார விடுதிகள். டாலி என்பவர் வாழ்ந்து தொழில் நடத்திய வீடு இப்போது மியூசியம்; டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டையே பார்த்தாள். “எந்த ஊர்ப் பிள்ளைகளோ” என்றாள். இவர், “நீங்க போங்க, நண்டு சாப்பிட்டு வந்துடறேன்” என்று எங்களைப் பிரிந்து போயிருந்தார்.

12.30க்குப் பிறகு ஒலிபெருக்கியில் அவர் பெயரையும் அறை எண்ணையும் மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் ஏழு முறை போன் செய்தேன். கேங்வே அருகில் நின்ற பெண் அதிகாரி, பிலிப்பைன்ஸ்காரர், பதற்றமில்லாமல் சொன்னார்: அறை லாக்கரில் அவருடைய பாஸ்போர்ட் இருந்தால் கொண்டுவாருங்கள், கரையில் ஏஜெண்டிடம் கொடுத்துவிடுவோம். ஓடிப் போனேன். லாக்கரின் எண் அவருடைய பிறந்த நாள். நான்கு பாஸ்போர்ட்டில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன்.

“நீங்களும் இறங்குகிறீர்களா? ஐந்து நிமிடம் இருக்கிறது” என்றார்.

பின்னாலேயே வந்திருந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். “நீ எறங்கிரு. நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன். மாப்பிள்ளை அங்க தனியா நிக்காங்களே.”

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இன்சுலின் அறைக் குளிர்பெட்டியில் இருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது. அவருக்கோ அமெரிக்க லைசென்ஸ், கிரெடிட் கார்டு, இருபது வருடப் பழக்கம் எல்லாம் இருக்கிறது. அம்மாவை விட்டு இறங்க முடியாதே என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. இறங்க எனக்கு விருப்பமில்லை என்பது மீதி. இப்படி எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரையே.

“இல்லை” என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

கடைசி நிமிடத்தில் ஓடி வருபவர்களைப் பார்க்க மேல்தளத்தில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும், போனில் படம் எடுத்தபடி. நாங்கள் போய் எட்டிப் பார்த்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கேங்வேயை எடுத்துவிட்டார்கள், கயிறு அவிழ்ந்துகொண்டிருந்தது. ஈரத் தரையில் ஒரு கையில் பையோடு ஓடி வந்தவர் நின்றார். “அப்பா!” என்று மகள் கத்தினாள். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பாட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைத் தொட்டார். எனக்கு அழுகை வந்தது. திரும்பி ஓடிப்போய் யாரிடமாவது கப்பலை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

சாப்பிட்ட இடத்து ஜன்னலிலிருந்து கப்பல் முழுசாகத் தெரிந்துகொண்டே இருந்ததாம். கண்ணுக்கு முன்னால் நிற்கிற கப்பல் எப்படிப் போகும் என்று உட்கார்ந்திருந்தாராம். போனில் அவர் முதலில் கேட்டது, “நீ ஏன் எறங்கல?” எதிர்த் தீவில் இருக்கும் விமான நிலையத்துக்குப் படகில் போய், மறுநாள் சியாட்டல் சேர்ந்துவிட்டார். 1886 சட்டத்துக்கு அபராதம் வேறு வரும் என்றார்கள், பல நூறு டாலர். அதைக் கட்டிவிடலாம். அந்தக் கேள்வி மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்காருகிறது. நீங்கள் ஏன் ஏறவில்லை என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு விக்டோரியாவில் இறங்கினோம். துறைமுகத்துக்கு எதிரே சட்டசபைக் கட்டடம் முழுக்க ஆயிரக்கணக்கான பல்புகள், திருவிழாத் தேர் மாதிரி. அம்மா முழங்கால் வலியை மறந்து ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நடந்துகொண்டிருந்தாள். மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். அம்மா தனக்கும் ஒன்று கேட்டாள். சர்க்கரை என்றேன். தெரியும் என்றாள்.

“கேட்டு எத்தன மணிக்கு மூடுவான்?”

“பதினொன்றரை.”

அம்மா என் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். மணி 9.40.

“அப்ப உக்காரு” என்றாள்.