இருபது வளைவு... சேரலாமா, வேணாமா?

ஞாயிறு காலை அஞ்சரை மணி. சூரமங்கலம், சேலம் ஜங்ஷன் பக்கத்து டீக்கடை. புல்லட்டும் பல்சருமா பத்து வண்டி உறும, பதினொண்ணாவதா என் அப்பாவோட ஸ்ப்ளெண்டர். 'சும்மா ஒரு தடவை வா. பிடிச்சா குரூப்ல சேரு'னு சீனியர் அண்ணன் கூப்பிட்டிருந்தார்.

அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு... அடிவாரம் வரைக்கும் ஜாலி! அதுக்கு மேலதான் ஏற்காட்டோட 20 கொண்டை ஊசி வளைவு. 100 சிசி-க்கு மூச்சு வாங்குச்சு. மத்தவங்க 'விர்ர்'னு மறைஞ்சாங்க. மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, சரி. அதுக்காக வளைவுல எதிர்ல வர்ற பஸ் சுருங்கவா முடியும்? முன்னாடி போன ஒரு புல்லட், பஸ்ஸை உரசாத குறை. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது.

கடைசி ஆளா வந்த அந்த சீனியர் மட்டும் என்னை முந்தவே இல்லை. நான் ரெண்டாவது கியர்ல ஊர்ந்தா, அவரும் ஊர்ந்தார். ஏரிக்கரைக்குப் போனா, மத்தவங்க ரெண்டாவது டீயில இருந்தாங்க. 'ஆமை வந்துருச்சுடா!'னு கிண்டல் வேற.

இறங்கும்போது, "பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிடாதே. கியர்லயே இறக்கு. பிரேக்கையே அமுக்கிட்டு வந்தா சூடாகி பிடிக்காது"ன்னார். வீட்ல யாரும் சொல்லித் தராத பாடம்.

ஜங்ஷன்ல பிரியும்போது, "அடுத்த வாரம் வர்றியா?"ன்னு கேட்டாங்க. பாக்கெட் மணியில பாதி பெட்ரோலுக்கே காலி. கொஞ்சம் யோசிச்சேன்.

"கடைசியில அண்ணன் வர்றார்னா, வர்றேன்!"