சோதனை என்னும் சொல்

பொம்மனஹள்ளியில் ஒரு மருந்தாய்வு நிறுவனத்திற்கு ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கித் தருகிறேன். அங்கே மருத்துவ ஆய்வுகளை வழிநடத்த அனுபவமிக்க மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் என்னையும் அமர்த்தினர்.

வந்தவர் மூவர். என் கேள்வி ஒன்றே: "ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் உழைக்கும் தமிழ்ப் பெண் ஒருவர், தாம் சேர்வது எதில் என்று புரிந்துகொண்டார் என எப்படி அறிவீர்கள்?"

முதலாமவர் 2019ஆம் ஆண்டு விதிகளைப் பிழையின்றிச் சொன்னார்: பங்கேற்பவர் அறிந்த மொழியில் விளக்கம், எழுத்தறியாதவருக்கு நடுநிலைச் சாட்சி. இரண்டாமவர் தாம் ஆள்சேர்த்த வேகத்தைச் சொன்னார். மூன்றாமவர் என் படிவத்தைக் கையிலெடுத்தார். "கையெழுத்திடும் முன் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். இதைப் படித்தவர், 'இரத்தம் எடுப்பார்கள்' என்றுதான் சொல்வார்."

தலைப்பில் 'மருத்துவச் சோதனை' என்று எழுதியவன் நான். இரத்தச் சோதனை, சர்க்கரைச் சோதனை என்று பழகிய காதுக்கு அது நோயறியும் வழி மட்டுமே. தமக்குக் கிடைப்பது மருந்துப்போலியாகவும் இருக்கலாம், எது என்பதை மருத்துவரும் அறியார் என்ற செய்தி உள்ளே நான்காம் பக்கத்தில் கிடந்தது. பொருள் மயக்கத்தைப் பாடமாகப் படித்துத் தேறியவன், என் சொல்லிலேயே அதைக் காணவில்லை.

நான் மூன்றாமவரைப் பரிந்துரைத்தேன். குழு இரண்டாமவரைத் தேர்ந்தது.

"புதிய மருந்து பயன் தருமா என்று அறியும் ஆய்வு இது, அம்மருந்து உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம்" என்று முதல் வரியைத் திருத்தி, நெறிமுறைக் குழுவின் பார்வைக்கு வைக்கக் கோரியுள்ளேன். பழைய படிவத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மீண்டும் விளக்க வேண்டும் என்றும் எழுதினேன். அதற்கு இன்னும் விடை வரவில்லை.