பாட்டை ஊரறியும், பாடியவரை யாரறிவார்?

ஒரு நல்ல பாட்டு வீடுதோறும் புகுந்துவிடுகிறது. அதைப் படைத்தவரோ பல வேளைகளில் வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறார். நம்மவர் வழக்கையே எண்ணிப் பார்ப்போம். 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்கிறோம்; 'சிவாஜி பாட்டு' என்கிறோம். அவ்வாறு நாம் சொல்லும் பாடல்களுள் சிலவற்றுக்குச் சொல் தந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ஆம் ஆண்டில், தம் 29-ஆம் வயதில் மறைந்தார் என்பது நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தகைய மறதி தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஆர்தர் அலெக்சாண்டர் என்றொரு பாடகர் இருந்தார். அவர் பாட்டைக் கேட்டவர் கோடிக்கணக்கானோர். பெயரைக் கேட்டவர் மிகச் சிலர். அவர் மறைந்தபின் பிற பாடகர்கள் ஒன்றுகூடி அவருக்குச் செய்த சிறப்பு நாம் அறிந்து போற்றத்தக்கது.

அலெக்சாண்டர் 1940-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் ஷெஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசையும், வெள்ளையரின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட 'கன்ட்ரி' இசையும் அவர் குரலில் ஒன்று கலந்தன. இளமையில் விடுதி ஒன்றில் சிற்றாளாகப் பணிபுரிந்துகொண்டே பாட்டெழுதினார். 1960-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது அதில் அவர் பெயர் 'ஜூன் அலெக்சாண்டர்' என்றே அச்சாகியிருந்தது. சொந்தப் பெயர் முழுமையாக வெளிவராமலே தொடங்கிற்று அவர் கலைவாழ்வு.

மறு ஆண்டில், மசில் ஷோல்ஸ் என்னும் ஊரில், முன்னாளில் புகையிலைக் கிடங்காக இருந்த கட்டடத்தில் ரிக் ஹால் என்பவர் அவரது 'யூ பெட்டர் மூவ் ஆன்' பாடலைப் பதிவு செய்தார். அலபாமாவில் நிறவேற்றுமை அன்று சட்டமாகவே இருந்தது. ஆயினும் அந்த அறையில் கறுப்பினப் பாடகர் பாட, வெள்ளை இளைஞர்கள் வாத்தியம் இசைத்தனர். பாட்டை ஏற்க நாஷ்வில் நகரத்து நிறுவனங்கள் பல மறுத்தன. இறுதியில் 'டாட்' நிறுவனம் வெளியிட்டது. 1962-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 24-ஆம் இடத்தை எட்டியது. அதன் வருவாயைக் கொண்டு ரிக் ஹால் புதியதோர் ஒலிப்பதிவுக் கூடத்தை எழுப்பினார். மசில் ஷோல்ஸ் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசைத்தலமாயிற்று. அத்தலத்துக்கு அடிக்கல் அலெக்சாண்டரின் பாட்டு எனினும் பொருந்தும்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் அவர் பாடல்கள் சென்றன. 1963-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் முதல் இசைத்தொகுப்பில், அவருடைய 'அன்னா' என்ற பாடலை ஜான் லெனன் பாடினார். 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'யூ பெட்டர் மூவ் ஆன்' பாடலைப் பாடி வெளியிட்டனர். 1988-இல் பாப் டிலன், 'ஜூன்' என்ற பெயரில் வந்த அந்த முதற்பாட்டான 'சாலி சூ பிரௌன்' பாடலை எடுத்துக்கொண்டார். ராக் இசையின் பேரரசர்களாகிய இம்மூவரும் தேடிப் பாடிய ஒருவர், எளியவராக இருத்தல் கூடுமோ? ஆயினும் கேட்டவர்கள், 'பீட்டில்ஸ் பாட்டு', 'ஸ்டோன்ஸ் பாட்டு' என்றே சொன்னார்கள். எழுதியவர் பெயர் இசைத்தட்டின் நடுவட்டத்தில், பாட்டின் தலைப்புக்குக் கீழே, சிற்றெழுத்தில் கிடந்தது.

அலுவலகங்களில் கோப்பெழுதிப் பழகிய நமக்கு இது புதிதன்று. வரைவு எழுதுகிறவர் ஒருவர், ஒப்பமிடுகிறவர் வேறொருவர். கடிதம் ஒப்பமிட்டவர் பெயரிலேயே ஊர் சென்று சேரும். அலுவலகத்துக்கு அம்முறை வேண்டியதே. கலைக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி.

பாட்டு உலகைச் சுற்றிய அளவுக்கு அதன் பயன் அலெக்சாண்டரின் கைக்கு வந்து சேரவில்லை. இசைத்தொழிலை விட்டு விலகி, ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் சமூகநலப் பணியகம் ஒன்றுக்குப் பேருந்து ஓட்டினார். அவ்வண்டியில் ஏறி இறங்கியோர், தம்மை ஏற்றிச் செல்பவர் யாரென்று அறிந்திருப்பார்களோ? நெடுநாள் கழித்து அன்பர் சிலர் அவரை மீண்டும் பாட அழைத்தனர். 1993-இல் 'லோன்லி ஜஸ்ட் லைக் மீ' என்ற இசைத்தொகுப்பு வெளியாகி, அறிந்தோர் பாராட்டத் தொடங்கினர். விடியல் தோன்றிய அவ்வேளையில், அதே ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், 53-ஆம் வயதில் நாஷ்வில் நகரில் அவர் உயிர் நீத்தார்.

மறு ஆண்டு, 1994-இல், 'அடியோஸ் அமீகோ' என்ற புகழஞ்சலி இசைத்தொகுப்பு வெளிவந்தது. ஸ்பானிய மொழியில் அது நண்பனுக்கு விடைகூறும் சொல். எல்விஸ் காஸ்டெல்லோ, ராபர்ட் பிளாண்ட், ரோஜர் மக்குவின், நிக் லோ, ஜான் பிரைன், கிரஹாம் பார்க்கர் முதலானோர் ஆளுக்கொரு பாடலாக எடுத்துத் தத்தம் குரலில் பாடினர்.

பிறர் பாடியதுதானே முன்பும் நிகழ்ந்தது, இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது. முன்பு பாடியவரின் பெயர் அட்டையில் நின்றது. படைத்தவரின் பெயர் மறைவில் கிடந்தது. இங்கே படைத்தவரின் பெயர் தலைப்பேறியது. புகழ்பெற்றோர் அனைவரும் அதன் கீழ் வரிசையில் நின்றனர்.

மற்றொரு பயனும் உண்டு. சிதறிக் கிடந்தபோது அவை தனித்தனிப் பாடல்கள். ஓரிடத்தில் தொகுத்தபோதுதான் அவற்றின் பின்னால் ஒரே உள்ளம் இருப்பது புலனாயிற்று. தான் விரும்பும் பெண் வேறொருவனை நாடினால், பழிக்காமல் அவளை அவனிடமே அனுப்பிவைக்கும் ஆண்மகன். செல்வமுள்ள போட்டியாளன் முன் ஏழையாக நின்றும் தாழாமல், விலகிப் போ என்று அமைதியாகச் சொல்லும் காதலன். ஆரவாரமே இலக்கணமாயிருந்த ராக் இசையில், தோல்வியைக் கண்ணியத்தோடு தாங்கும் இக்குரல் அரிது. நம் கீர்த்தனைகளில் இயற்றியவர் தம் முத்திரையைச் சரணத்திலேயே பதித்துவிடுகிறார். பாட்டிருக்கும் வரை பெயரும் இருக்கும். அலெக்சாண்டரின் பாடல்களில் முத்திரை இல்லை. பின்வந்த பாடகர்கள் கூடி அம்முத்திரையை இட்டார்கள் என்றே நாம் கொள்ளுகிறோம்.

ஆயினும் ஒரு குறை நெஞ்சை அறுக்கிறது. இச்சிறப்பை அவர் காதால் கேட்கவில்லை. ராக் இசையின் தொடக்க நாள்களிலேயே துணிந்து பாடிய வாண்டா ஜாக்சன் அம்மையாருக்கு நல்லூழ் வாய்த்தது. கன்ட்ரியும் ராக்கும் ஒருங்கே பாடிய அவரை நெடுங்காலம் பலரும் மறந்திருந்தனர். 2004-இல் அவர் பாடல்களைப் பலர் பாடி ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது அவர் உயிரோடிருந்தார், அதன் பின்னும் மேடையேறிப் பாடினார். 2009-இல் ராக் இசைப் பெருமக்களுக்கான மன்றத்திலும் அவர் பெயர் இடம்பெற்றது. ஒரே வகைச் சிறப்புத்தான். ஒருவருக்கு அது மாலையாயிற்று, மற்றவருக்கு மலர்வளையமாயிற்று.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். நம் மேடையில் ஒரு சிறுமி பாட வரும்போது, பாட்டின் முதலடியோடு அதை இயற்றியவர் பெயரையும் சொல்லச் செய்வோம். அதற்குப் பொருட்செலவில்லை, அரை நிமிடம் போதும். நம்மிடையே பாட்டெழுதும் அன்பர் எவரேனும் இருப்பின், நினைவு மலருக்குக் காத்திராமல், அவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்க அவர் பாட்டையே பாடுவோம். பாராட்டுரையை மாலையிலேயே மறந்துவிடலாம். பிறர் வாயில் தன் பாட்டைக் கேட்ட இன்பம் ஒரு கலைஞனை ஆயுள் முழுதும் தாங்கும்.